கதவிலிருந்து மூன்றாவது கல்

அவளை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டைம் அக்கா என்பார்கள். பட்டம் கொடுத்தவர் டப்பாக்காரர். பதினொன்றே கால் மணிக்கு அவருடைய சைக்கிள் வாசலில் வந்து நிற்கும்போது, இருபத்தாறு சாப்பாட்டு டப்பாக்களும் பைகளில் அடுக்கித் தயாராக இருக்கும். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவர் மணியடித்துக் காத்து நின்றதில்லை. "உங்க வாசலைப் பார்த்துத்தான்க்கா நான் வாட்ச்சையே திருப்பி வைக்கிறேன்" என்பார். அக்காவுக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

வெளியே காட்டிக்கொள்ளாத இன்னொன்றும் அவளிடம் இருந்தது. அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

ஒரேயடியாக அல்ல. இரண்டு பக்கத்துக் கதவையும் யாரோ கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டு வருவது போல. முதலில் சாயங்கால வெளிச்சம் போதாமல் போனது. அப்புறம் பக்கத்தில் நிற்பவர்கள் காணாமல் போனார்கள். இப்போது நடுவில் ஓர் இடுக்கு மட்டும் மிச்சம். அதிலும் பளபளப்பான விளக்கடியில் போய் நின்றால் எல்லாம் பாலை ஊற்றியது போல் வெளுத்துவிடும். மூன்று வருடத்துக்கு முன்னால், துணிக்கடைக்குப் போய்வருவதாக வீட்டில் சொல்லிவிட்டு, தனியாகக் கண் டாக்டரைப் போய்ப் பார்த்தாள். இதற்கு மருந்து இல்லை என்று அவர் நிதானமாகச் சொன்னார். அடுத்த முறை வரும்போது வீட்டில் இருப்பவர்களையும் கூட்டி வரச் சொன்னார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அடுத்த முறை என்று ஒன்று வரவே இல்லை.

ஏன் மூடி மறைத்தாள் என்று கேட்டால், அதற்குக் காரணம் ஒரு நாற்காலி. அவளுடைய அம்மாவுக்கும் இதே மாதிரி கண் போனது. போகிறது என்று தெரிந்த அன்றைக்கே வீட்டில் எல்லோரும் சேர்ந்து அந்த அம்மாளை ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எல்லாம் பாசம்தான். "நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்." அவ்வளவுதான் சொன்னார்கள். கத்தியைத் தொடவிடவில்லை, அடுப்புப் பக்கம் விடவில்லை, கடைசியில் தானே எழுந்து தண்ணீர் மொண்டு குடிக்கவும் விடவில்லை. பதினோரு வருடம். அம்மாவின் கை சமைக்காமல் குழந்தையின் கை போல் மெத்தென்று ஆகிவிட்டிருந்தது. முதன்முதலில் அம்மாவின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கியது வேறு யாருமில்லை, டைம் அக்காதான். அது நினைவுக்கு வந்தால் இன்றைக்கும் நறுக்குவதைப் பாதியில் நிறுத்திவிடுவாள்.

ஆகவே மூச்சு விடவில்லை. அவளுடைய சமையலறை அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய கறுப்புக் கல் மேடை. கறுப்பின் மேல் எவர்சில்வர் தட்டு தெரியும், அரிசி தெரியும், வெங்காயம் தெரியும். வெள்ளைக் கைப்பிடி போட்ட கத்தி தெரியும். மேடையின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து மற்ற விரல்களை விரித்து, அப்படியே கையை ஓட்டிக்கொண்டு போனால் நான்காவது சாணில் அடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் உப்பு. கண் செய்ய வேண்டியதில் பாதியைக் கை செய்துவிடும். பார்க்கிறவர்கள், "மேடையைத் தடவிக்கிட்டே இருக்கியே, அது என்ன பூனையா?" என்று கிண்டல் செய்வார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

வீட்டில் மூன்று பேர். புருஷன் பஸ் ஓட்டுகிறவர். வருடத்துக்கு ஒரு தரம் அவருக்குக் கண் பரிசோதனை உண்டு. அதில் தேறி வந்ததை ஒரு வாரத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். அவளுக்கு வீட்டில் கரண்ட் என்று பெயர். மணி ஐந்தானால் போதும், கூடம், வாசல், மாடிப்படி என்று ஒரு சுவிட்ச் விடாமல் தட்டிவிடுவாள். "கரண்ட் கம்பெனிக்காரன் உன் போட்டோவை மாட்டி வச்சுக் கும்பிடுவான்" என்று அப்பா சொல்வார். அம்மா தன் பங்குக்கு, கண் கூச்சம் தாங்காமல், ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வருவாள். அவளுக்குத் தன் வண்டவாளம் தண்டவாளம் ஏறாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்தது. மேடைக்கு அடியில் ஈரம் ஏறி, மர அலமாரி முழுக்கக் கறையான். மேஸ்திரி வந்து தட்டிப் பார்த்தார். "மேடையை உடைக்காம குழாயைத் தொட முடியாதுங்க. உடைக்கிறதுதான் உடைக்கிறீங்க, முழுசாப் புதுசா பண்ணிடுங்க" என்றார்.

புருஷனுக்கும் மகளுக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். அக்கா மேடை விளிம்பிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

மகள் கட்டம் போட்ட நோட்டில் வரைந்து தள்ளினாள். மேடை வெள்ளை, டைல்ஸ் வெள்ளை, அலமாரிக் கதவு வெள்ளை, அதுவும் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு. கதவில் கைப்பிடி கிடையாது, அழுத்தினால் திறக்கும். அக்கா அந்தப் படத்தை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். அவள் முழுகிச் சாக ஒரு குளம் வெட்டியது போல் இருந்தது.

"மேடை கறுப்பா இருக்கட்டும். கதவுக்குக் கைப்பிடி வேணும். பெரிசா, கையில அகப்படற மாதிரி" என்றாள்.

"ஐயோ அம்மா, கறுப்பா? ஏற்கெனவே இருட்டு. சாயங்காலம் ஆனா உள்ளே ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

"எனக்குத் தெரியுது. சமைக்கிறது நான்தானே?"

"வெள்ளைன்னா எவ்வளவு பளிச்னு இருக்கும்."

"மஞ்சத்தூள் கொட்டினா பளிச்சு தெரியும், எவ்வளவு நேரம் நிக்குதுன்னு."

ஒரு வாரம் இந்த வழக்கு நடந்தது. அப்பா நடுவில் அகப்பட்டு மத்தளமாக இரண்டு பக்கமும் அடி வாங்கினார். கைப்பிடி விஷயத்தில் மகள் இறங்கி வந்தாள். மேடை விஷயத்தில் இருவரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். "கடையிலே போய் நேரில் பார்த்து முடிவு பண்ணலாம், ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

அக்கா சும்மா இருக்கவில்லை. மறுநாள் டப்பா போனதும் தனியாக அந்தக் கல் கடைக்குப் போனாள். பகல் நேரம், விளக்குப் போடவில்லை, கூட்டமும் இல்லை. மாதிரிக் கற்களைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகக் கிட்டே போய் முகத்தை வைத்துப் பார்த்தாள். கதவிலிருந்து மூன்றாவது, நல்ல கறுப்பு, புள்ளிகூடக் கிடையாது. மூன்று, மூன்று என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். இருபத்தாறு டப்பாவில் எதற்குக் காரம் குறைவு என்று மனப்பாடமாக வைத்திருக்கிறவளுக்கு இது ஒரு விஷயமா?

சனிக்கிழமை சாயங்காலம் மூவரும் போனார்கள். உள்ளே கால் வைத்ததுமே அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூரை முழுக்க விளக்கு. பாலிஷ் போட்ட கல்லெல்லாம் விளக்கைத் திருப்பி அவள் முகத்தில் அடித்தன. கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, எங்கும் ஒரே வெள்ளைப் புகை. கடைக்காரர் என்னென்னவோ பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். இவள் கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு, கற்களின் விளிம்பை விரலால் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வழவழவென்று இருந்தது.

"இதுதான். எனக்கு இது போதும். வேற எதுவும் காட்ட வேணாம்."

மகள் பின்னாலிருந்து வந்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "நிஜமாவாம்மா?" என்றாள். போனால் போகிறது என்று பெண் விட்டுக்கொடுத்துவிட்டாள் போலிருக்கிறதே என்று அக்காவுக்கு மனம் நிறைந்துவிட்டது. மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்க சார், பதினாலாம் நம்பர்" என்றார். நிறத்தின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருப்பதாகவே யாருக்கும் தோன்றவில்லை.

அவள் தனியாகப் போய்வந்ததற்கும் அந்தச் சனிக்கிழமைக்கும் நடுவில் கடையில் புதுச் சரக்கு வந்திருந்தது. புதிதாக வந்ததைக் கதவுக்குப் பக்கத்தில் முதலாவதாக நிறுத்துவது அந்தக் கடைக்காரரின் வழக்கம். மற்றதெல்லாம் ஓரோர் இடம் தள்ளிப்போகும். இது அவளுக்கு எப்படித் தெரியும்?

வேலை நடந்த நாட்களில் அவள் கொல்லைப்புறத்தில் தகரக் கூரைக்கு அடியில் சமைத்தாள். கையில் இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டாள், அதையும் மறைத்தாள். சமையலறைக்குள் தூசி, வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். எல்லாம் முடிந்ததும், மகள் அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ச் சமையலறை வாசற்படியில் நிறுத்தினாள்.

"கண்ணைத் திற."

கண் திறந்துதான் இருந்தது. எதிரே மேடை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வெள்ளைச் சுவர் வழிந்து அப்படியே கீழே வந்து முன்னால் நீண்டது. எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கையை நீட்டினாள், குளிர்ந்த கல் இடித்தது.

"வெள்ளை" என்றாள்.

"நீ கைவச்ச கல்லுதான்மா. பொண்ணுக்காக உன் பிடிவாதத்தை விட்டே பாரு, டிப்போவுல எல்லார்கிட்டேயும் சொல்லிட்டேன்" என்றார் புருஷன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை எவர்சில்வர் தட்டுகளை மேடையில் வைத்தாள், வைத்த இடம் தெரியவில்லை. அரிசி களைந்து கொட்டினால் அரிசி காணவில்லை. வெள்ளைக் கைப்பிடிக் கத்தியைத் தேடி விரலைக் கிழித்துக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சம் கல்லில் பட்டு நேராகக் கண்ணில் குத்தியது. ஒன்பதரை மணிக்குப் பருப்புப் பாத்திரத்தை மேடையில் இறக்கினாள், மேடை அங்கே இல்லை. அரைச் சாண் தள்ளி இருந்தது. இருபத்தாறு பேருக்கான பருப்பு தரையில் ஓடியது. டப்பாக்காரர் அன்றைக்கு இருபத்தைந்து நிமிஷம் வாசலில் நின்றார். "உடம்பு சரியில்லையாக்கா?" என்று கேட்டார். அவர் கேட்டதைவிட, அவர் மணியடித்ததுதான் அவளைக் கொன்றது.

மூன்று நாள் இப்படியே தள்ளினாள். மூன்றாம் நாள் மத்தியானம் தரையில் உட்கார்ந்து வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதாள். கறுப்பு வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். கண் தெரியாமல் தவறான கல்லைக் காட்டினேன் என்று சொன்னால், நாளைக்கே நாற்காலி வந்துவிடும். அன்பாகத்தான் வரும், அதுதான் பயங்கரம். சொல்லாமல் கறுப்பு வேண்டுமென்றால், ஆசையாகக் கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்கிற கல்நெஞ்சக்காரி ஆக வேண்டும். இரண்டில் ஒன்று. நெடுநேரம் யோசித்தாள். கடைசியில் கெட்டவளாவதே மேல் என்று முடிவு செய்தாள்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள். "இந்த மேடை எனக்குப் பிடிக்கலை. எடுத்துட்டு கறுப்பு போடச் சொல்லுங்க."

புருஷன் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏம்மா, நீதானே காட்டினே?"

"காட்டினேன். இப்போ பிடிக்கலை."

"எனக்காகத்தானேம்மா..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"உனக்காக என்ன? நீயா வந்து அடுப்படியில நிக்கப் போறே? நாலு படத்தைப் பார்த்துட்டு வந்து என் வீட்டை ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கி வச்சிருக்கே. உன் ஆசைக்கெல்லாம் என்னால ஆட முடியாது."

சொல்லும்போதே நாக்கு கூசியது. ஆனால் நிறுத்தவில்லை. நிறுத்தினால் உண்மை வந்துவிடும். மகள் சாப்பாட்டில் கையை வைத்தபடியே அழுதாள். புருஷன் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தரம்கூடக் குரலை உயர்த்தாதவர், அப்போதும் உயர்த்தவில்லை. "நீ இப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கழுவ எழுந்துபோனார்.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு வந்தார். "நல்ல கல்லுங்க, பார்த்துக்கிட்டே இருக்கலாம்" என்று புலம்பியபடி வெள்ளையைப் பெயர்த்து எடுத்து, கறுப்பைப் பதித்துவிட்டுப் போனார். அவரும் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

மேடை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. கறுப்பின் மேல் அரிசி மணி மணியாகத் தெரிந்தது. கட்டைவிரல் விளிம்பில் ஓடியது. பதினொன்றே காலுக்கு டப்பாக்கள் தயாராக இருந்தன. ஆனால் வீட்டில் அவளோடு பேச ஆள் இல்லை. புருஷன் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். மகள் அதுவும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவாள், சமையலறைப் பக்கமே வருவதில்லை. பத்தொன்பது நாள். ஜெயித்தவள் இப்படி ஒரு தண்டனை அனுபவித்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இருபதாம் நாள் சாயங்காலம் மின்சாரம் போனது. தெரு முழுக்கப் போனது. புருஷன் வேலையில் இருந்தார். அக்கா மேடைக்கும் அலமாரிக்கும் நடுவில் உள்ள மூலையில் நின்று, நாளைக்கு வேண்டிய பயறு ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் இருட்டிவிட்டது. அந்த நேரத்துக்கு அவளுக்கு எப்போதும் இருட்டுதான், அதைப் பற்றிக் கவலை இல்லை, கை இருக்கிறது.

கூடத்தில் நாற்காலி இடிபடும் சத்தம் கேட்டது. மகளுடைய செல்போன் சார்ஜ் இல்லாமல் காலையிலேயே செத்துப்போயிருந்தது. மெழுகுவர்த்தி தேடி வருகிறாள் போலிருக்கிறது. கூப்பிடலாமா என்று அக்கா வாயெடுத்தாள். பேசமாட்டேன் என்று இருக்கிறவளிடம் என்ன பேசுவது என்று அடக்கிக்கொண்டாள்.

வாசற்படியில் கால் தட்டுப்பட்டது. பிறகு மேடையின் மேல் ஒரு சத்தம் எழுந்தது. சர்ர் என்று ஒரு நீளமான உரசல். ஒரு நிறுத்தம். டக் டக் என்று இரண்டு முறை நகம் தட்டுவது. மறுபடி உரசல்.

அந்தச் சத்தம் அக்காவுக்குத் தெரியும். விளிம்பில் கட்டைவிரல், மற்ற விரல்கள் விரித்து. இருபத்திரண்டு வருடமாக அவள் தன் கையிலிருந்தே கேட்டு வந்த சத்தம். இப்போது அவளுடைய இரண்டு கையும் பயறுத் தண்ணீருக்குள் இருந்தன.

இருட்டில் யாராக இருந்தாலும் தடவத்தானே செய்வார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்போது ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஒரு பையன், "அவுட்டு, அவுட்டு, கோட்டைப் பாரு" என்று கத்தினான். பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்தைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தார்கள், தரையில் போட்ட கோட்டைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சம் ஜன்னல் வழியாக உள்ளேயும் வந்துகொண்டுதான் இருக்க வேண்டும். மகள் அவளுக்கு இரண்டு அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா அங்கே நிற்பது அவளுக்குத் தெரியவில்லை.

கண் டாக்டர் சீட்டை மடித்துக் கொடுக்கும்போது கேட்டது அவளுக்கு இப்போது காதில் விழுந்தது. "பொண்ணு இருக்காளா? அவளையும் கூட்டிட்டு வாங்க. இது வழிவழியா வரும், சின்ன வயசிலேயே பார்த்துடறது நல்லது." கேட்டாள், தலையாட்டினாள், நாற்காலியை நினைத்து எல்லாவற்றையும் சேர்த்துப் புதைத்தாள். மூன்று வருடம்.

"யாரு?" என்றாள் மகள் பயந்துபோய். அம்மா விட்ட பெருமூச்சு கேட்டிருக்கிறது.

"நான்தாண்டி. எப்போலேர்ந்து?"

"என்ன எப்போலேர்ந்து?"

"சாயங்காலம் தெரியாமப் போனது."

பத்தொன்பது நாளுக்குப் பிறகு அம்மாவோடு பேசுகிறோம் என்பதையே மகள் மறந்துவிட்டாள். யோசித்தாள். "ஸ்கூல் படிக்கும்போதிலேர்ந்து. அதுக்குத்தான் வெள்ளை போடலாம்னு அவ்வளவு தூரம் கெஞ்சினேன். ஏம்மா, எல்லாருக்கும் அப்படித்தானே?"

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை. நீகூட இப்படித்தானே தடவித் தடவி எடுப்பே. சின்ன வயசிலேர்ந்து பார்த்திருக்கேன். எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டேன்."

அக்கா ஈரக்கையோடு மேடையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் கண்ணும் கருத்துமாகப் புருஷனிடம் மறைத்தாள், தெருவிடம் மறைத்தாள், டப்பாக்காரரிடம் மறைத்தாள். ஒருத்தியிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அவளோ அதைப் பார்த்துப் பார்த்து, அதுதான் வழக்கம் என்று கற்றுக்கொண்டாள். அந்தப் பெண் வெளிச்சம் கேட்டாள். இவள் ஒவ்வொரு விளக்காக அணைத்தாள். வெள்ளைக் கல்லைக் கேட்டாள். அதையும் பெயர்த்துப் போட்டாள்.

காலால் துழாவி, மூலையில் மேஸ்திரி விட்டுப்போன நாற்காலியை இழுத்தாள். அதில் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"டப்பாக்காரர் நம்பர் உனக்கு மனப்பாடம்தானே? கரண்ட் வந்ததும் போன் போடு. நாளைக்கு டப்பா இல்லைன்னு சொல்லிடு. அப்பாவையும் லீவு போடச் சொல்லணும்."

"டப்பா இல்லையா? ஏம்மா, என்ன ஆச்சு?"

"கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்."

குரல் வந்த திசையில் மகள் மேடையைத் தடவிக்கொண்டே வந்து, அம்மாவின் தோள் கையில் தட்டுப்பட்டதும் நின்றாள். வெளியே பிள்ளைகள் இன்னும் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.